எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் ஊசி: மூளையில் எது வெள்ளையா தெரியுது?

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி டாக்டர் தர்ற சீட்டில் சில சமயம் ‘வித் கான்ட்ராஸ்ட்’னு எழுதியிருக்கும். அப்படின்னா, ஸ்கேன் நடுவில் கையில் ஒரு ஊசி. ‘சாயம் ஏத்துறாங்க’ன்னு நாம சொல்லிக்கிறோம். அந்த ஊசி மூளைக்குள்ள உண்மையில் என்ன காட்டுதுன்னுதான் இந்த எபிசோடில் பேசப்போறேன். இது தெரிஞ்சா, ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து தேவையில்லாம பயப்படவும் மாட்டீங்க, அவசரப்பட்டு நிம்மதி அடையவும் மாட்டீங்க.

முதல்ல ஒரு அடிப்படை. எம்.ஆர்.ஐ. பார்க்கிறது பெரும்பாலும் நம்ம உடம்பில் இருக்கிற தண்ணீரை. தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் அணுவின் புரோட்டான், ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. மெஷின் அதை ரேடியோ அலையால் தட்டிவிட்டு, அது பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கவனிக்குது. அந்த நேரம் திசுவுக்குத் திசு மாறும். டி1 வகைப் படத்தில், சீக்கிரம் திரும்புற இடம் வெள்ளையா தெரியும்.

ஊசியில் இருக்கிறது கடோலினியம்ங்கிற உலோகம். அதோட அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7 இருக்கு. அதனால அதுக்குக் காந்தத்தன்மை ரொம்ப அதிகம். பக்கத்தில் வர்ற தண்ணீர் புரோட்டான்களை அது சீக்கிரமா பழைய நிலைக்குத் திருப்பிவிடுது. கடோலினியம் போய்ச் சேர்ந்த இடம் வெள்ளையாகுது.

சரி, மூளையில் அது எங்கே போய்ச் சேரும்? இதுக்கு 1885-க்குப் போகணும். பால் எர்லிக்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி, விலங்குகளோட ரத்தத்தில் சாயம் ஏத்திப் பார்த்தார். மற்ற உறுப்புகள் நிறம் மாறுச்சு, மூளை மட்டும் மாறலை. மூளைத் திசுவில் அந்தச் சாயம் ஒட்டாதுன்னு அவர் நினைச்சார். 1913-ல் அவரோட மாணவர் எட்வின் கோல்ட்மேன், சாயத்தை மூளையைச் சுத்தியிருக்கிற திரவத்திலேயே செலுத்தினார். இந்தத் தடவை மூளை நிறம் மாறுச்சு! அப்போ ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஏதோ ஒரு தடுப்பு இருக்கணும். அதைத்தான் இன்னைக்கு ரத்த-மூளைத் தடுப்புன்னு சொல்றோம்.

நல்லா இருக்கிற தடுப்பை கடோலினியம் மருந்தால் தாண்ட முடியாது. கட்டி, சீழ், அழற்சின்னு ஏதாவது வந்து தடுப்பு பழுதானா, மருந்து அங்கே கசிஞ்சு வெளியே வரும். படத்தில் வெள்ளையா தெரியிறது அந்தக் கசிவுதான்.

இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. ரிப்போர்ட்டில் ‘என்ஹான்ஸ்மென்ட்’னு இருந்தா, உடனே புற்றுநோய்னு அர்த்தம் இல்லை. பிட்யூட்டரி சுரப்பியில் இந்தத் தடுப்பே கிடையாது. ஆரோக்கியமான ஆளுக்கும் அது வெள்ளையாத்தான் தெரியும். ‘என்ஹான்ஸ்மென்ட் இல்லை’ன்னு இருந்தா, பிரச்சினையே இல்லைன்னும் அர்த்தம் இல்லை. மெதுவா வளர்ற சில கிளையோமா கட்டிகள் தடுப்பை உடைக்காமலே வளரும். அதனாலதான் டாக்டர்கள் மற்ற வகைப் படங்களையும் சேர்த்துப் பார்க்கிறாங்க.

இப்போ பாதுகாப்பு. தனி கடோலினியம் நச்சு. அதோட அயனி, கால்சியம் அயனி அளவே இருக்கிறதால உடம்போட வேலைகளில் குறுக்கிடும். அதனால ஒரு பெரிய மூலக்கூறுக்குள்ள அதைக் கட்டிவெச்சுதான் கொடுக்கிறாங்க. அப்படி வந்த முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைச்சுது. கிட்னி நல்லா இருந்தா, பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ள சிறுநீரில் வெளியேறிடும். கிட்னி செயலிழந்தவங்களுக்குத் தோல் இறுகிப்போற ஒரு கொடிய நோய் வர்றதுக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருக்குன்னு 2006-ல் தெரிய வந்துச்சு. பல தடவை ஊசி போட்டவங்க மூளையில் இதோட தடயம் தங்குதுன்னு 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினாங்க. அப்படித் தங்குறதால மூளைக்குக் கெடுதல்னு இதுவரை நிரூபிக்கப்படலை. இருந்தாலும், உலோகத்தைத் தளர்வா பிடிச்சிருக்கிற லீனியர் வகை மருந்துகள் பலவற்றை 2017-ல் ஐரோப்பா நிறுத்திவெச்சுது. கூண்டு மாதிரி இறுக்கமா பிடிக்கிற மேக்ரோசைக்ளிக் வகை தொடர்ந்து புழக்கத்தில் இருக்கு.

அதனால ஊசிக்கு முன்னாடி கிட்னி பிரச்சினை, கர்ப்பம், பழைய அலர்ஜி எது இருந்தாலும் சொல்லிடுங்க. எந்த வகை மருந்துன்னும் தயங்காம கேளுங்க. ஆனா, கட்டியைத் தேடுற ஸ்கேனில் பயந்துபோய் ஊசியே வேண்டாம்னு சொல்லிடாதீங்க. அது இல்லாம போனா, பார்க்க வேண்டிய கசிவே கண்ணில் படாம போகலாம்.