ஆடிக்குத் தேதி உண்டு

கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. "அப்படியென்றால் கொஞ்ச நாள் பிரிந்திருந்து பார்க்கலாமா?" என்பதுதான் அங்கே அடுத்து வரும் கேள்வி.

திருச்சுழிப் பக்கத்தில் இதை இப்படிக் கேட்க மாட்டார்கள். "அவ ஆத்தா வீட்டுல இருக்கா" என்பார்கள். பிரசவம், கோபம், முறிந்துபோன கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பேச்சுதான்.

பிரிவு இந்த வானம் பார்த்த பூமிக்குப் புதிதில்லை. தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து விடுகிறார்கள். கண்மாய் நிறையாத வருஷம் ஆம்பளைகள் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். ஆடி முடிந்தால் பெண் புருஷன் வீடு திரும்புவாள். பொங்கலுக்கு ஆம்பளை ஊர் வருவான். கோபித்துக்கொண்டு வந்தவளுக்கு மட்டும் அப்படி ஒரு தேதி கிடையாது. "அவன் வந்து கூப்பிடட்டும்" என்று இங்கே, "போனவ தானா வரட்டும்" என்று அங்கே. மாமன், சித்தப்பா, பெரியம்மா என்று எல்லோரும் பேசுவார்கள், அந்த இரண்டு பேரைத் தவிர.

அருப்புக்கோட்டைத் தறி வீட்டில் கதை வேறு. கணவர் நெய்ய வேண்டுமென்றால் மனைவி தார் சுற்ற வேண்டும். அவள் கிளம்பினால் பாவு அப்படியே நிற்கும், கூலியும் நிற்கும். அதனால் ஒரே வீட்டில் திண்ணை அவருக்கு, அடுப்படி அவளுக்கு என்று வருஷக்கணக்கில் ஓடும். இதுவும் பிரிவுதான். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது தனித்து வாழ்வதே என்று 1991-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

என் கணிப்பைக் கேட்டால், சண்டைக்குக் காரணம் மாறக்கூடியதாக இருந்தால் பிரிவு உதவும்: கடன், கூட்டுக்குடித்தனம், குடியை விடச் சம்மதித்த கணவன். அதற்கும் மூன்று மாதமோ ஆறு மாதமோ தேதி வேண்டும். பிள்ளை எங்கே படிக்கும், வீட்டுச் செலவுக்கு யார் எவ்வளவு தருவார், வாரம் ஒருமுறையாவது இருவரும் நேரில் பேசுவார்களா என்பதெல்லாம் பை தூக்கும் முன்பே முடிவாக வேண்டும். ஒருவர் மனசுக்குள் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தால் இந்தச் சோதனை வீண். கை நீட்டுகிற வீட்டில் சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கிருந்து வெளியேற வேண்டும், 181-ஐ அழைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத்தாளில் "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவி மாதப் பராமரிப்புத் தொகை கேட்க முடியாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவிலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவிலும் அது தொடர்கிறது. சமாதானத்துக்கு என்று எழுதிய தாள் பிறகு அவளுக்கு எதிராகவே நீட்டப்படலாம்.

கையெழுத்துக்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை, கட்டணமும் இல்லை.