பத்துக்குப் பத்து அறைக்கு எத்தனை வாட்?

பங்குனி உத்திரம் வந்தால் மயிலம் மலையைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் ஏறிவிடும். அடிவாரத்தில் போடும் முருகன் பாட்டு வயலைத் தாண்டி அடுத்த ஊர்க் களத்துமேடு வரை கேட்கும். அந்தக் கூம்பின் பின்னால் திருகியிருக்கும் யூனிட் எத்தனை வாட் என்று மைக்செட்காரரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 30 அல்லது 40 என்பார். இந்த எண்ணை மறக்காமல் வைத்துக்கொள்வோம்.

என் அக்கா மகனுக்கு அந்த அடிவாரத்தில்தான் வீடு. பத்தடிக்குப் பத்தடி அறை, சிமென்ட் தரை, கான்கிரீட் தளம், சுவரோரம் மேசை, மேசைமேல் கணினி. "மாமா, பாட்டு கேக்க ரெண்டு ஸ்பீக்கர் வாங்கணும். ஆயிரம் வாட் போதுமா?" என்று கேட்டான். கடையில் பார்த்த அட்டைப் பெட்டியில் அப்படிப் போட்டிருந்ததாம். ஊருக்கே 40 வாட் போதுகிறபோது மேசைக்கு ஏன் ஆயிரம்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே ஸ்பீக்கர் வாங்கும் கலை பாதிக்குமேல் கைவந்துவிடும்.

முதலில் அந்த ஆயிரத்தைப் பார்ப்போம். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். தம் கட்டி ஒரு நொடி மட்டும் மூட்டையைத் தரையிலிருந்து அசைக்கிற கணக்கு அது. அதே ஆள் காலையிலிருந்து மாலை வரை எத்தனை கிலோ மல்லாட்டை மூட்டையைச் சுமப்பார் என்பது வேறு கணக்கு; அதற்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். பெட்டியில் அது இல்லையென்றால் கூடவே வரும் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்குங்கள்: 24 வாட். உள்ளே போவது 24 என்றால் வெளியே தொடர்ந்து ஆயிரம் வர வழியே இல்லை.

சரி, உண்மையான வாட்டாகவே இருக்கட்டும். 100 வாட் ஸ்பீக்கர் 50 வாட் ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பாடுமா? எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். கூர்ந்து கேட்டால் தெரியும், அவ்வளவே. காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

அப்படியானால் கூம்பு எப்படி ஊரை எழுப்புகிறது? வயலின் அந்தக் கரையில் இருப்பவரைக் கூப்பிட நாம் இரண்டு கையையும் வாயருகே குவிப்போமே, அதே வித்தைதான். வாங்கிய மின்சாரத்தை வீணாக்காமல் ஒலியாக்கித் தள்ளும் இந்தத் திறனுக்கு உணர்திறன் என்று பெயர். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளப்பார்கள். கூம்பு 105 டெசிபலைத் தொடும். வீட்டு மேசையில் வைக்கும் சிறிய மரப்பெட்டி ஸ்பீக்கர் 85 அளவில் நிற்கும். கூம்பு அதற்கு விலையாகக் கொடுப்பது ஆழமான ஒலியை. தவிலின் அடிநாதம் அதில் வராது.

இப்போது மேசைக்கு வருவோம். ஸ்பீக்கர் இரண்டும் முகத்திலிருந்து முக்கால் மீட்டர் தூரத்தில். ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தால் 90 டெசிபலை நெருங்கிவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிம்மதியாகக் கேட்கும் 75 டெசிபலுக்கு ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்கு போதும். தவில் அடி திடீரென்று எழும்பும் இடங்களுக்கு இருக்கட்டும் என்று 20 வாட் வாங்கினால், அதுவே தாராளம்.

வாட்டுக்குப் பார்த்த காசை வேறு எதில் போடுவது? அறையில். அண்டாத் தண்ணீரை இரண்டு பேர் தூக்கி நடக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஓரங்களில் தண்ணீர் ஏறி இறங்கும். நடுவில் ஏறக்குறைய அசையாது. அடிநாதமும் அறைக்குள் அப்படித்தான் ஆடுகிறது. பத்தடி அறையில் 56 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 56 அதிர்வில், இந்த ஆட்டம் தொடங்கும். சுவரோரம் 'தம்தம்' என்று வீங்கும், நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர அறையில் இரண்டு ஆட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்து கெடுதலைக் கூட்டும். அடிநாதம் தரும் பெரிய ஒலிவட்டமான வூஃபரை எட்டங்குலத்தில் கொண்டுவந்து வைத்தால் அந்த வீக்கத்துக்குத் தீனி போட்டதாகிவிடும். நான்கு அங்குலம் போதும், மிஞ்சினால் ஐந்து. நான்கங்குல வூஃபர் 60, 70 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆண் குரலின் அடித்தளம் 100-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. நாற்காலியை நடுவிலிருந்து ஒரு முழம் நகர்த்துவது செலவில்லாத வைத்தியம்.

இந்தச் சிறிய மரப்பெட்டி ஸ்பீக்கருக்குக் கடையில் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று பெயர். பெயரில் புத்தக அலமாரி இருப்பதால் சிலர் இதை அலமாரிக்குள் திணிக்கிறார்கள். வேண்டாம். பெட்டியின் முதுகில் ஓட்டை இருந்தால் அது மூச்சுவிடும் வழி. சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். மேசை சுவரோடு ஒட்டித்தான் இருக்கும் என்றால் ஓட்டை முன்பக்கம் உள்ளதாகவோ ஓட்டையே இல்லாததாகவோ பார்த்து வாங்குங்கள். சின்ன ஒலிவட்டமான ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். அடியில் ஆளுக்கொரு செங்கல், அதன்மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு, கச்சிதமாக நிற்கும். இரண்டு பெட்டியும் நம் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும்.

பிறகு அறை நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். கிணற்றுக்குள் தட்டியதுபோல் திரும்பி வந்தால் தரையில் ஜமக்காளம் விரியுங்கள், பின்சுவரோரம் மெத்தையைச் சாய்த்து வையுங்கள். விலை கூடிய ஸ்பீக்கர் செய்யாததை இலவம்பஞ்சு செய்யும்.

கடைசியாக ஒரு சோதனை. தமிழ்த் திரையில் ஸ்டீரியோவில் முதலில் வந்தவை என்று பரவலாகச் சொல்லப்படுவது 1978-இல் வெளியான 'ப்ரியா' படப் பாடல்கள். அதற்கு முந்தைய டி.எம்.எஸ். பாட்டு ஒன்றை அதன் அசல் மோனோப் பதிவில் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவே, அங்கே ஒருவர் நின்று பாடுவதுபோல் வர வேண்டும். குரல் கரைந்து எங்கும் பரவி, அடிநாதமும் மெலிந்தால், ஒரு பெட்டிக்கு மட்டும் கூட்டல் கழித்தல் ஒயர் மாறியிருக்கிறது. மாற்றி மாட்டினால் சரியாகிவிடும். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஜோடியை வாங்கினாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். இரண்டு பெட்டியையும் இணைக்கும் ஒயர் அதிலும் பல மாடல்களில் உண்டு.

அக்கா மகன் நான்கங்குல ஜோடி ஒன்றை வாங்கினான், 20 வாட். செங்கல் அவன் வீட்டுக் கொல்லையிலேயே கிடந்தது. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சத்தத் திருகு இதுவரை கால்வாசியைத் தாண்டவில்லை.