சங்கத்திற்குக் கம்ப்யூட்டர் வாங்குமுன்

கூடி வாங்கினால் சரக்கும் நயமாயிருக்கும், விலையும் நியாயமாயிருக்கும் என்று 1904-ஆம் ஆண்டிலேயே காட்டிய பெருமை திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்திற்கு உண்டு. அப்பேட்டையிலிருந்து அண்ணா சாலையைக் கடந்தால் ரிச்சி தெரு. கம்ப்யூட்டரின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ள விரும்புவோர் நாடும் கடைவீதி அது. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. பேரேடு திரைக்கு மாறிவரும் இந்நாளில், பொதுப் பணத்தில் வாங்கும் யந்திரத்தைப் பற்றி நிர்வாகக் குழுவினர் சிறிதேனும் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் வேலையை அளந்து கொள்வோம். நூல் இருப்பு, கூலிப் பட்டியல், கடன் கணக்கு ஆகியவற்றிற்கு விலையுயர்ந்த பிராசஸர் வேண்டுவதில்லை. சாதாரண வகையே போதும். ஆனால் இன்டெல் பிராசஸரின் பெயர் இறுதியில் ‘எஃப்’ என்னும் எழுத்து இருந்தால், திரையில் படம் காட்டும் பகுதி அதனுள் இராது. தனி கார்டுக்குச் செலவு நேரும். ராம் நினைவகம் 8 ஜிபிக்குக் குறையலாகாது. 16 ஜிபி இருந்தால் பல்லாண்டு உழைக்கும். கணக்கைச் சேமிக்க, சுழலும் ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி. விரைவானது.

அடுத்தது பொருத்தம். நாற்பதாம் நம்பர் நூலுக்கான அச்சில் நூறாம் நம்பர் நூலை ஓட்டினால் துணி நெருக்கமாக விழாது என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இங்கும் அப்படியே. பிராசஸரின் சாக்கெட்டும் மதர்போர்டின் சாக்கெட்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஏ.எம்.5 போர்டில் டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே பொருந்தும், டி.டி.ஆர்.4 அதில் நுழையவே நுழையாது.

சிக்கனம் கூடாத இடம் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியோடு இனாமாக வரும் மலிவுச் சாதனம் பழுதானால், மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது, கரையில்லாக் கிணற்றருகே குழந்தையை விடுவதற்கு ஒப்பாகும்.

மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, தீர்மானம் நிறைவேற்றி, சங்கத்தின் பெயரிலேயே ஜி.எஸ்.டி. ரசீது வாங்குக. உறுப்பு தோறும் வாரண்டிக் காலம் வேறு. ஆதலின் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் இருப்புப் பதிவேட்டில் குறித்தல் நலம். பழுது பார்ப்போர் அருகில் இல்லாத கிராமச் சங்கங்களுக்கோ, இடத்திற்கே வந்து செப்பனிடும் ஒப்பந்தத்துடன் கூடிய முழு யந்திரமே உகந்தது.

இறுதியாக ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையின் எத்தனையோ கட்டடங்களின் கீழ்த்தளத்தை மூழ்கடித்தது. யந்திரம் போனால் மறுபடி வாங்கலாம். அங்கத்தினரின் பங்குத் தொகையும் கூலி பாக்கியும் பதிந்த கணக்கை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆகவே தினந்தோறும் ஒரு நகல் எடுத்து, வாரம் ஒரு நகலை வேறொரு கட்டடத்தில் பத்திரப்படுத்துக. அதற்கான வெளி டிஸ்க்கின் விலையையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது விவேகம்.