தொல்நகரங்களும் ஏரிகளும்: இலங்கைச் சுற்றுலாவைத் திட்டமிடும் முறை

சுற்றுலாவில் வங்காள மக்களுக்குள்ள ஈடுபாடு நாடறிந்தது. துர்க்கா பூஜை விடுமுறை தொடங்கியதும் ஹவுரா, சியால்டா நிலையங்களில் திரளும் மக்கள் கூட்டமே இதற்குச் சான்று. கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இப்பழக்கத்திற்கு விலக்கல்ல. பூரி, டார்ஜிலிங், அந்தமான் ஆகியவற்றைக் கண்டு முடித்தவர்கள் அடுத்து நாடத்தக்க இடங்களில் ஒன்று இலங்கை. அதன் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். மேற்கு வங்காளத்தின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இச்சிறு தீவின் ஆறு பண்பாட்டுத் தலங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அனுராதபுரம், பொலனறுவை, சிகிரியா ஆகிய மூன்றும் 1982ஆம் ஆண்டிலும், கண்டியும் காலியும் 1988ஆம் ஆண்டிலும், தம்புள்ளை 1991ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன.

இவற்றை மூன்று நாட்களில் ஓடி ஓடிப் பார்த்துத் திரும்புவோர் பலர். அவர்களுக்கு எஞ்சுவது செங்கற் குவியல்களின் நிழற்படங்களும் கால் வலியுமே. அந்நகரங்கள் எதனால் வாழ்ந்தன என்ற கேள்வியை முன்வைத்துப் பயணத்தைத் திட்டமிட்டால் இதே செலவில் பெரும் பயன் கிட்டும். அக்கேள்விக்கு விடை இடிபாடுகளில் மட்டும் இல்லை. அவற்றை அடுத்துள்ள ஏரிகளிலும் இருக்கிறது.

கொல்கத்தாவிலேயே தொடங்கும் ஆயத்தம்

இப்பயணத்தின் முதற்பகுதியை ஊரை விட்டு வெளியேறாமலே முடிக்கலாம். 1784ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆசியவியல் கழகம் இன்றும் கொல்கத்தாவில் இயங்கி வருகிறது. அதன் செயலாளராக விளங்கிய ஜேம்ஸ் பிரின்செப், 1837ஆம் ஆண்டு பிராமி எழுத்துக்களைப் படித்தறிந்தார். கல்வெட்டுக்களில் வரும் ‘பியதசி’ யார் என்பது அப்போது விளங்கவில்லை. இலங்கையில் ஆட்சிப்பணி ஆற்றிய ஜார்ஜ் டர்னர், அத்தீவின் பாலிமொழி வரலாற்று நூல்களைக் கொண்டு பியதசி என்பவர் அசோகரே என்று காட்டினார். கொல்கத்தாவின் கல்வெட்டுப் புலமையும் இலங்கையின் ஏட்டுச் சுவடியும் இணைந்ததாலேயே அசோகரின் வரலாறு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

1814ஆம் ஆண்டு தோன்றிய இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள பார்குத் கற்சிற்பங்களை முதலில் பார்ப்பது நன்று. பௌத்தத் தூபி என்பது யாது, அதன் சுற்றுவேலியும் வாயிலும் எவ்வாறு அமைந்திருந்தன என்பவை அங்கே தெளிவாகும். கல்லூரிச் சதுக்கத்தில் 1920ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தர்மராஜிக சைத்திய விகாரை, இலங்கையைச் சேர்ந்த அனகாரிக தர்மபாலர் நிறுவிய மகாபோதி சங்கத்தின் பணியாகும். மேதினிபூர்ப் பகுதியிலுள்ள தம்லுக், பண்டைய தாம்ரலிப்தித் துறைமுகம். சீனப் பயணி பாகியான் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து கப்பலேறி, பதினான்கு நாட்களில் இலங்கையை அடைந்ததாகத் தமது குறிப்பில் எழுதியுள்ளார். அவரும் அவசரப்படவில்லை, அத்தீவில் இரண்டாண்டுகள் தங்கினார்.

பருவமறிந்து புறப்படுதல்

இலங்கைப் பயணத்தில் நிகழும் தவறுகளுள் முதன்மையானது, தீவு முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று எண்ணுவது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி முதலிய ஈர வலயப் பகுதிகளில் மழை பொழிகிறது. தொல்நகரங்கள் அமைந்துள்ள வடமத்தியப் பகுதியோ உலர் வலயம். ஆண்டு மழை 1,750 மில்லிமீட்டருக்கும் குறைவு. அம்மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் சனவரி வரையிலான காலத்தில் பெய்து விடுகிறது.

எனவே, கோடை விடுமுறையில் புறப்படும் ஆசிரியர்களும் மாணவர்களும் கொழும்பில் மழை என்ற செய்தியைக் கண்டு பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அனுராதபுரம் அப்போது பெரும்பாலும் வறண்டே இருக்கும். ஆயினும் வெயில் கடுமையானது. பூஜை விடுமுறையில் செல்வோர் பிற்பகல் இடிமழையை எதிர்பார்த்து, திறந்தவெளி இடங்களைக் காலையில் முடித்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மழை குறைவு. ஏரிகளில் நீரும் இருக்கும். எனவே அக்காலம் மிகவும் ஏற்றது.

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் ‘போயா’ எனப்படும் பொது விடுமுறை நாள். சூன் மாதப் பௌர்ணமியான பொசன் நாளில் அனுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் அடியார் பெருந்திரளாகக் கூடுவர். விழாவைக் காண விரும்புவோர் தங்குமிடத்தை முன்னதாகவே உறுதி செய்ய வேண்டும். அமைதியாக ஆய்வு செய்ய விரும்புவோர் அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

வழியும் அனுமதியும்

ஹவுராவிலிருந்து சென்னைக்கு இரயில் வழி சுமார் 1,660 கிலோமீட்டர். அங்கிருந்து கொழும்புக்கு விமானப் பயணம் ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கடலின் நிலையைப் பொறுத்து அது நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே அதை மட்டும் நம்பித் திரும்பும் நாளை முடிவு செய்தல் கூடாது.

கடவுச்சீட்டும் இலங்கை அரசின் நுழைவு அனுமதியும் இன்றியமையாதவை. விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அரசு அலுவலர்கள் தனிப்பட்ட வெளிநாட்டுப் பயணத்திற்கு முன்னனுமதி பெறுதல் வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான விடுப்புப் பயணச் சலுகை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். இப்பயணம் முழுவதும் சொந்தச் செலவேயாகும்.

வரலாற்று வரிசையில் ஒரு வழித்தடம்

கொழும்பு, அனுராதபுரம், கலாவெவ, சிகிரியா, பொலனறுவை, தம்புள்ளை, கண்டி, மீண்டும் கொழும்பு என்ற வழித்தடம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இதற்கு எட்டு நாட்கள் ஒதுக்கலாம். தம்புள்ளை நீங்கலாக, இவ்வரிசை வரலாற்றின் வரிசையோடும் பெரிதும் ஒத்துப்போகிறது.

முதல் நாள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திற்கு உரியது. 1877ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அங்கு, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் அமைந்த அக்கல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடையது. பொலனறுவையில் கிடைத்த சைவச் செப்புத் திருமேனிகளும் அங்கே காணத்தக்கவை.

அடுத்த இரண்டு நாட்கள் அனுராதபுரத்திற்கு வேண்டும். மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் மகாசேன மன்னன் தொடங்கிய சேதவனத் தூபி தொடக்கத்தில் சுமார் 122 மீட்டர் உயரம் இருந்தது. எகிப்தின் இரு பெரும் பிரமிடுகளுக்கு அடுத்தபடியாகப் பண்டைய உலகின் உயரமான கட்டடம் அதுவே. அதை வியந்தபின் திசாவாவியின் கரைக்குச் செல்ல வேண்டும். தூபியைக் கட்டிய மக்களுக்குச் சோறிட்டது இத்தகைய ஏரிகளே. கிழக்கே 13 கிலோமீட்டரிலுள்ள மிகிந்தலையில் மகிந்த தேரர் தேவநம்பிய தீசனைச் சந்தித்தார் என்பது மரபு.

நான்காம் நாள் கலாவெவ. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் அமைத்த இவ்வேரியிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டு சென்ற கால்வாயின் நீளம் சுமார் 87 கிலோமீட்டர். அதன் முதற்பகுதியில் கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே சரிவு உள்ளது. நவீனக் கருவிகள் இல்லாத காலத்தில் இத்துணை நுண்ணிய சரிவை அமைத்த திறன் பொறியியல் மாணவர்களின் கவனத்திற்குரியது. பண்டைய ஏரிகளில் காணப்படும் ‘பிசோகொட்டுவ’ என்னும் மதகுக் கிணறும் அத்தகையதே. ஆழ்ந்த ஏரியின் நீரழுத்தத்தைத் தணித்து, கரை சிதையாதவாறு நீரை வெளியேற்ற அது உதவியது.

தாதுசேனனைச் சிறைப்பிடித்த மகன் காசியபன், மறைத்து வைத்துள்ள செல்வத்தைக் காட்டும்படி கேட்டான் என்றும், மன்னன் கலாவெவ நீரைக் கையில் அள்ளி, தன் செல்வம் இதுவே என்றான் என்றும் வரலாற்று நூல் கூறுகிறது. தந்தையைக் கொன்ற காசியபன் சிகிரியாக் குன்றில் அரண் அமைத்து 477 முதல் 495 வரை ஆண்டான். கலாவெவவைக் கண்டபின் ஐந்தாம் நாள் சிகிரியாவில் ஏறும்போது, இவ்விரண்டில் எது செல்வம் என்ற கேள்வி தானே எழும். குன்றின் உயரம் சுமார் 180 மீட்டர். ஏறத்தாழ 1,200 படிகள். காலை ஏழு மணியளவில் ஏறத் தொடங்குதல் நல்லது. அங்குள்ள குளவிகள் ஓசையால் கலையக் கூடியவை. எனவே அமைதி காத்தல் மிகவும் தேவை.

ஆறாம் நாள் பொலனறுவை. சோழர் அனுராதபுரத்தைக் கைப்பற்றிய பின் இந்நகரம் தலைநகராயிற்று. 1070ஆம் ஆண்டில் முதலாம் விசயபாகு சோழராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தான். வானவன்மாதேவி ஈசுவரம் என்னும் கற்றளி சோழர் காலக் கட்டடக் கலைக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. தமிழ் வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்தம் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக உறுதியளித்த தமிழ்க் கல்வெட்டும் இந்நகரில் உள்ளது. படையெடுப்பு மட்டுமே இருநாட்டு உறவின் வரலாறன்று என்பதை இக்கல்வெட்டு உணர்த்துகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரத்தின் நீண்ட கரையில் மாலையில் நடப்பது இந்நாளுக்கு உகந்த முடிவு.

ஏழாம் நாள் தம்புள்ளைக் குகைக் கோயில்களைக் கண்டு கண்டியை அடையலாம். 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமான கடைசி அரசின் தலைநகர் அது. எட்டாம் நாள் கொழும்புக்குத் திரும்பலாம். 2025 நவம்பரில் வீசிய புயலால் மலைநாட்டுச் சாலைகளும் இரயில் பாதைகளும் பெரும் சேதமடைந்தன; ஆதலால் இப்பகுதிப் போக்குவரத்தை முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும்.

பயணியின் பொறுப்பு

இத்தலங்களைப் பேணும் நோக்குடன் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய கலாசார நிதியம் அமைக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் அகழாய்வுக்கும் பராமரிப்புக்கும் துணை செய்கிறது. சார்க் நாட்டினருக்குப் பல தலங்களில் கட்டணச் சலுகை வழங்கப்பட்டு வந்துள்ளது. கடவுச்சீட்டை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். தூபிகளிலும் விகாரைகளிலும் காலணியையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்தல் தகாது. 1967ஆம் ஆண்டு சிகிரியா ஓவியங்கள் சிலவற்றின் மீது விஷமிகள் வண்ணம் பூசினர். அவற்றைச் சீர்செய்யப் பெரும் முயற்சி தேவைப்பட்டது. ஓவியத்தின்மீது படும் கைரேகையும் சுவரில் கீறும் பெயரும் சிறு அளவில் அதே தீங்கையே செய்கின்றன.

2018ஆம் ஆண்டு சுமார் 23 இலட்சம் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். 2019ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புக்களும் அதைத் தொடர்ந்த கொள்ளைநோயும் காரணமாக 2021இல் இவ்வெண்ணிக்கை இரண்டு இலட்சத்திற்கும் கீழே வீழ்ந்தது. 2024இல் மீண்டும் இருபது இலட்சத்தைக் கடந்தது. அவர்களில் இந்தியரே முதலிடம் வகித்தனர். இத்தொழிலின் ஏற்றத்தாழ்வு முதலில் தாக்குவது வழிகாட்டிகளையும் சிறு விடுதிக்காரர்களையுமே. அனுராதபுரத்திலும் பொலனறுவையிலும் இரவு தங்கினால், செலவிடும் தொகை அவ்வூர் மக்களைச் சென்றடையும். கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் அவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

ஏரி தரும் பாடம்

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் படையெடுப்பு, ஆட்சிச் சிதைவு, நோய் முதலிய பல காரணங்களால் உலர் வலய நகரங்கள் கைவிடப்பட்டன. பராமரிப்பின்றிக் கரைகள் உடைந்தன; காடு சூழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கலாவெவ புதுப்பிக்கப்பட்டது. மகாவலித் திட்டத்தின்கீழ் 1976இல் செயற்படத் தொடங்கிய பொல்கொல்லை அணையின் வழியாக ஆற்றுநீர் உலர் வலயத்துக்குத் திருப்பப்பட்டது. அரண்மனைகள் இடிபாடுகளாகவே நிற்க, ஏரிகளோ இன்றும் நெல்வயலுக்கு நீர் அளிக்கின்றன. சங்கிலித் தொடராய் அமைந்த இச்சிற்றேரி முறையை உணவு வேளாண்மை நிறுவனம் 2017ஆம் ஆண்டு உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றது.

இப்பாடம் கொல்கத்தாவுக்கும் உரியது. நகரின் கழிவுநீரை ஏற்று மீனும் காய்கறியும் விளைவிக்கும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் 12,500 எக்டேர் பரப்புடையது; 2002ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்களின் நெருக்குதல் அதன்மீது ஓயவில்லை. கலாவெவக் கரையில் நின்று திரும்பும் மாணவரும் அலுவலரும், தம் ஊரில் தூர்க்கப்படும் ஒவ்வொரு குளத்தையும் புதிய கண்ணோடு காண்பார்களாயின், அந்த எட்டு நாட்களும் பயனுள்ள முறையில் செலவிடப்பட்டவையே ஆகும்.