மிச்சம் பூனைக்கு மிச்சச் சோறு போதுமா?

சென்ற இதழில் இரத்த அழுத்தம் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை பூனையின் சாப்பாடு பற்றி எழுதப் போகிறேன் என்றதும் செய்திமடல் ஆசிரியர் சிரித்துவிட்டார். நான் மிருக வைத்தியர் அல்ல, மனிதருக்கு மருந்து எழுதுபவன். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதவைத்தவர் ஒரு மனித நோயாளிதான். அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. மிச்சத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். நீரிழிவுக்கு கிளிக்ளசைட் என்ற குளிசை எடுப்பவர். சில மாதங்களாக நிறை குறைந்துகொண்டு வந்தது. இரண்டு தடவை மத்தியானத்தில் வியர்த்து, நடுங்கி, தலை சுற்றி விழப்பார்த்திருக்கிறார். சீனி கூடியதால் அல்ல, குறைந்ததால்! அந்தக் குளிசையைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அப்படித்தான் வரும். "ஏனம்மா மத்தியானம் சாப்பிடுவதில்லை?" என்று கேட்டேன். முதலில் பசியில்லை என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "தம்பி, பூனைக்கு ஒரு சாமான்தான் பிடிக்கும். அந்தச் சின்ன ரின். அது விலை. எனக்குப் பாணும் தேத்தண்ணியும் காணும்."

மலிவான உணவை வைத்தால் பூனை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுமாம். பட்டினி கிடக்க விட மனம் வரவில்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டுப் பூனையை அப்படியே விட்டுவிட்டு வந்தவர் அவர். அந்தக் கதையை அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த முறை வரும்போது அந்த ரின்னைக் கொண்டுவரச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தை இருவருமாக வாசித்தோம். அவர் தன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுக்கொடுத்து வாங்கிய அந்த உணவு, பூனைக்கு நாளாந்தம் கொடுக்கத் தகுந்த முழு உணவே அல்ல என்று அதில் எழுதியிருந்தது.

ஊர்ப் பூனையும் இலண்டன் பூனையும்

"ஊரில் நாங்கள் பூனைக்கு ரின் வாங்கியா கொடுத்தோம்? சோறும் மீன் தலையும் போட்டோம், அது நல்லாத்தானே இருந்தது" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பெயரே மிச்சம், பூனைக்கும் மிச்சம் போதாதா என்று பகிடியும் விடுவார்கள். ஆனால் ஊர்ப் பூனை நாங்கள் போட்ட சோற்றில் மட்டும் வாழவில்லை. இரவில் கோடிக்குள் எலி பிடித்தது. சுவரில் பல்லி, வளவில் ஓணான், சில நேரம் குருவி. அதுதான் அதன் உண்மையான சாப்பாடு, சோறு வெறும் வயிற்று நிரப்பல். மூன்றாம் மாடியில் கதவடைத்து வளரும் மிச்சம் பூனைக்கு எலி எங்கே?

எலியில் இருப்பதும் சோற்றில் இல்லாததுமான ஒரு பொருளின் பெயர் ரோரின். இறைச்சியிலும் மீனிலும் உண்டு, தாவர உணவில் அநேகமாக இல்லை. மனித உடல் இதைத் தானே ஓரளவு செய்துகொள்ளும். பூனையின் உடலால் போதியளவு செய்ய முடியாது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ரோரின் இல்லாத உணவில் வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைந்து பார்வை போவதை எடுத்துக் காட்டினார்கள். 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். இதயத் தசை தளர்ந்து வீங்கிச் சாகவிருந்த பூனைகளின் இரத்தத்தில் ரோரின் குறைவாக இருந்தது, அதைக் கொடுத்ததும் இதயம் தேறியது. அந்தப் பூனைகள் தின்றது கடையில் வாங்கிய உணவுதான். அதன்பிறகு உற்பத்தியாளர்கள் ரோரினின் அளவைக் கூட்டினார்கள். இதயம் தேறலாம், கெட்டுப்போன விழித்திரை திரும்பி வராது.

இன்னொரு விடயம். நாங்கள் மீனை அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, சதையைப் பூனைக்கு வைக்கிறோம். ரோரின் தண்ணீரில் கரைவது. நல்லதில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு தொட்டிக்குள் போய்விடுகிறது. விற்றமின் ஏயும் அப்படி ஒரு தனிக்கதை: கரற்றில் இருப்பதை எங்கள் உடல் விற்றமினாக மாற்றும், பூனையின் உடல் மாற்றாது. சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை விரதம் வீட்டாருக்கு மட்டும் இருக்கட்டும், பூனைக்கு வேண்டாம். பூனை இறைச்சி தின்னவே பிறந்த பிராணி. இந்த நாட்டில் 2006ஆம் ஆண்டின் மிருக நலச் சட்டப்படி, வளர்க்கும் பிராணிக்குத் தகுந்த உணவு கொடுப்பது எங்கள் கடமையும்கூட.

ஒரே மாதிரியான இரண்டு சொற்கள்

கடையில் விலையைப் பார்க்க முதல் பார்க்கவேண்டியது ஒரு சொல். பக்கற்றில் 'கொம்பிளீற்' என்று இருந்தால், அந்த உணவை மட்டும் கொடுத்தே பூனையை வளர்க்கலாம், தேவையான சத்தெல்லாம் அதில் சேர்த்திருக்கிறது என்று பொருள். 'கொம்பிளிமென்றரி' என்று இருந்தால் அது பக்க உணவு, வேறொன்றோடு சேர்த்துக் கொடுக்க மட்டும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளே இரண்டையும் மாறி வாசிக்கிறார்கள். ரியூனா துண்டும் கோழித் துண்டும் அப்படியே கண்ணுக்குத் தெரியும் அழகான சின்ன ரின்கள் பல இரண்டாவது வகை. மனிதர் தின்னும் ரியூனா ரின்னில் இந்தச் சொல் இரண்டுமே இராது, அது பூனைக்கான உணவே அல்ல. அந்த அம்மாவின் பூனை மாதக்கணக்கில் பக்க உணவையே முழு உணவாகத் தின்றிருக்கிறது. அவருக்குப் பாணும் தேத்தண்ணியும் எப்படியோ, பூனைக்கு அந்த ரின்னும் அப்படித்தான்!

சுப்பர்மார்க்கெற்றின் சொந்தப் பெயரில் வரும் மலிவான உணவிலும் 'கொம்பிளீற்' என்று இருந்தால், விலைகூடிய விளம்பர உணவு எட்டவேண்டிய அதே சத்துக் கணக்கை அதுவும் எட்டவேண்டும். இறைச்சியின் தரம் கொஞ்சம் வேறுபடலாம், சமிபாட்டில் சிறு வித்தியாசம் இருக்கலாம். சுகமான, வளர்ந்த பூனைக்கு அது தாராளமாகப் போதும். குட்டிக்குக் குட்டிக்கான உணவையே பார்த்து வாங்குங்கள். விலை கூடினால் ஆபத்து இல்லை என்றும் நினைக்கவேண்டாம். 2021இல் இங்கே நூற்றுக்கணக்கான பூனைகள் இரத்த அணுக்கள் வற்றிப்போய் நோயுற்றன, பெரும்பாலானவை இறந்தன. அப்போது சந்தையிலிருந்து திருப்பி எடுக்கப்பட்ட உலர் உணவுகளுள் விலைகூடியவையும் இருந்தன, கடைகளின் சொந்தப் பெயரில் வந்தவையும் இருந்தன.

பைக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள்

சுமார் 4 கிலோ நிறையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளுக்கு 200 முதல் 250 கலோரி வரை போதும். 85 கிராம் ஈர உணவுப் பையில் ஏறக்குறைய 70 கலோரி இருக்கும். ஆகவே நாளுக்கு மூன்று பை. உலர் உணவில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி. ஆகவே நாளுக்கு 60 கிராம் அளவில் போதும், ஒரு சின்னக் கோப்பைகூட வராது. வாங்கும் பக்கற்றில் அளவு போட்டிருக்கும், அதைப் பார்த்துச் சமையல் தராசில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். 'ஒரு பிடி' என்று போடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு மடங்கு போடுகிறார்கள். காசும் போகிறது, பூனையும் கொழுக்கிறது. கொழுத்து, ஓடியாடாமல் கிடக்கும் பூனைக்கும் நீரிழிவு வரும். எங்களுக்கு வருவதைப் போன்றதேதான். ஒரு வீட்டில் தகப்பனும் பூனையும் இன்சுலின் போடுவதை நான் கண்டிருக்கிறேன்.

உலர் உணவு மலிவு. ஆனால் அதில் தண்ணீர் பத்து வீதமும் இல்லை, ஈர உணவில் எண்பது வீதமளவு தண்ணீர். பூனை இயல்பிலேயே தண்ணீர் குடிப்பது குறைவு. சிறுநீர்த் தொல்லை உள்ள பூனைக்கு ஈர உணவு முக்கியம். காசு கட்டுப்படாவிட்டால் காலையில் ஈர உணவு, இரவில் அளந்த உலர் உணவு என்று கலந்து கொடுக்கலாம். சின்னப் பைகளைவிட 400 கிராம் ரின் அநேகமாக மலிவு. தட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் கிலோ விலை போட்டிருப்பார்கள், ஒப்பிடவேண்டியது அதைத்தான். மிச்சத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த நாளுக்குள் முடியுங்கள். உலர் உணவில் மிகப் பெரிய பையை வாங்குவது எப்போதும் இலாபமில்லை. திறந்து இரண்டு மூன்று மாதம் கிடந்தால் கொழுப்புக் காறிப் போய்விடும். பூனைக்கு மணம்தான் ருசி, பிறகு தொடாது.

முகத்தைத் திருப்பும் பூனையை என்ன செய்வது?

"பசித்தால் தின்னும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பூனைக்குச் சொல்லாதீர்கள். இது முக்கியம். பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் உடற்கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து படிந்து ஈரல் பழுதாகலாம். கண்ணும் முரசும் மஞ்சளாகும், உயிரே போகலாம். ஒரு முழு நாள் ஒன்றுமே தின்னாவிட்டால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். திடீரென்று 'தெரிவு' பார்க்கத் தொடங்கிய பூனைக்கு அது பழக்கமாக இராது, நோயாக இருக்கலாம். பல் வலி, சிறுநீரகம், தைரோயிட். வாயால் நீர் வடிந்தால், நிறை குறைந்தால், தண்ணீர் அதிகம் குடித்தால் காட்டத்தான் வேண்டும். ஆண் பூனை முக்கி முக்கிச் சலம் போகாமல் அந்தரப்பட்டால் அன்றைக்கே கொண்டு ஓடுங்கள்.

சுகமான பூனை என்றால் பொறுமைதான் மருந்து. புதிய உணவைப் பழையதோடு முதல் நாளே கலக்காதீர்கள். இரண்டையும் வெறுத்துவிடும். பக்கத்தில் வேறொரு தட்டில் ஒரு கரண்டி வையுங்கள், மணம் பழகட்டும். பிறகு காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு என்று பத்து நாளோ மூன்று கிழமையோ எடுத்து மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து இளஞ்சூட்டில் கொடுங்கள். இப்போதுதான் பிடித்த எலியின் சூடு! சீனி, தேன் எல்லாம் வீண். இனிப்பை உணரும் மரபணு பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005இல் கண்டறிந்தார்கள். ஆழமான கோப்பையைவிட அகன்ற தட்டு நல்லது. ஈர உணவை அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டுப் பிறகு திரும்ப வையுங்கள். சிறிது சிறிதாகப் பல தடவை தின்பதுதான் அதன் சுபாவம்.

ரூட்டிங் கடையில் வாங்கும் சூடை மீன் இதற்கு நல்ல உதவி. உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் போட முதல் ஒரு துண்டைத் தனியே அவித்து, முள் நீக்கி, அந்தத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டியைப் புதிய உணவின் மேல் விடுங்கள். அவ்வளவுதான். நாளாந்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் செல்லச் சாப்பாடு போகக்கூடாது. பச்சை மீன் வேண்டாம், பல மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு. கறிச்சட்டியை வழித்துப் போடும் வழக்கம் கட்டாயம் நிற்கவேண்டும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சொதியும் அதே கதைதான், வெங்காயம் இல்லாத சொதி எங்கே இருக்கிறது? பால் பல பூனைகளுக்கு வயிற்றாலே போக வைக்கும்.

வைத்தியராக இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பூனை தின்னாமல் சுருண்டு கிடந்தால் காய்ச்சலாக்கும் என்று பனடோல் கொடுக்கிறார்கள். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. எங்கள் 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

காசில்லை என்றால்

மிருக வைத்தியரிடம் போகக் காசில்லாமல் பலர் ஒளித்துக்கொண்டு இருக்கிறார்கள். இந்த நகரத்தில் அதற்கு நூற்றாண்டுப் பழமையான வழிகள் இருக்கின்றன. விக்டோரியாவில் புளூ குரொஸ் மிருக வைத்தியசாலை 1906இல் தொடங்கியது. 1917இல் மரியா டிக்கின் என்ற பெண்மணி வைற்சப்பலில் ஒரு நிலவறையில், ஏழைகளின் பிராணிகளுக்கென்று தொடங்கியதுதான் இன்றைய பி.டி.எஸ்.ஏ. அரச உதவிப் பணம் பெறுபவர்களுக்கு இவை இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை தருகின்றன. தபால் குறியீட்டையும் பெறும் உதவியையும் சொல்லித் தொலைபேசியில் கேட்டால் தகுதி உண்டா என்று சொல்வார்கள். ஆங்கிலம் கடினம் என்றால் பேரப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். உணவு வங்கிகள் சிலவற்றில் பூனை உணவும் வைத்திருப்பார்கள், ஆனால் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

அந்த அம்மாவும் அப்படி ஒரு தொண்டு வைத்தியசாலைக்குப் பூனையைக் கொண்டுபோனார். பின்பக்கத்துப் பல் ஒன்று சூத்தையாகி இருந்ததாம். கடித்துத் தின்ன நோகும், அதனால்தான் மெதுவான அந்த ரின்னை மட்டும் தேடியிருக்கிறது. பல்லைப் பிடுங்கினார்கள். பிறகு நாலு கிழமை எடுத்துச் சூடைத் தண்ணீரின் உதவியோடு 400 கிராம் ரின்னுக்கு மாற்றினார். நான் அவருடைய குளிசையைக் குறைத்தேன், மத்தியானத்தில் சோறோ புட்டோ ஏதோ ஒன்று சாப்பிடுவதாகச் சத்தியம் வாங்கினேன். போன மாதம் நிறை இரண்டு கிலோ கூடியிருந்தது, மயக்கம் வரவில்லை.

பூனை இன்னும் முகத்தைத் திருப்புகிறதாம். அவர் குசினியை விட்டுப் போனதும் திரும்பி வந்து தட்டை நக்கி வைத்துவிடுகிறதாம்.