சம்பளம் துபாயில்... கணக்கு கீரப்பாளையத்தில்!

கீரப்பாளையத்தில் பஸ் ஏறி, சிதம்பரம் வழியாகச் சென்னை போய், ஃப்ளைட் பிடித்து துபாயில் இறங்கிவிட்டால், 'இன்கம்டாக்ஸ்' என்ற வார்த்தையையே மறந்துவிடலாம் என்பது எங்க ஊர் இளைஞர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

பாதி நம்பிக்கை சரிதான். மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை!

அங்கே சம்பளத்துக்கு வரி கிடையாது, உண்மை. ஆனால் இங்கே இருக்கிற டெபாசிட், மனை, வீட்டு வாடகை? அதுக்கெல்லாம் நம்ம ஊர் சட்டம்தான். அந்தச் சட்டமோ பட்ஜெட்டுக்கு பட்ஜெட் சட்டை மாற்றிக்கொள்ளும்.

வயிற்றில் புளி!

2020 பிப்ரவரி 1. எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை, இந்தியாவில் குடியிருப்பவராகவே கருதலாம் என்று பட்ஜெட்டில் ஒரு யோசனை வந்தது. வளைகுடா முழுக்க வயிற்றில் புளி கரைந்தது. அன்றைக்கு ராத்திரியே அபுதாபியிலிருந்து என் பெரியப்பா மகன் போன்.

"டேய் தம்பி, இங்க அம்பது டிகிரி வெயில்ல நின்னு சம்பாதிக்கிறேன். இதுக்கு அங்க வரியாம்ல?"

"அண்ணே, இன்னும் சட்டமாகலை. கொஞ்சம் பொறுங்க."

மறுநாளே நிதியமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அங்கே உழைத்துச் சம்பாதிக்கும் பணத்துக்கு வரி இல்லை என்றது. கடைசியில் சட்டமானபோது, இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த விதி என்று ஆனது. அப்போதும் அங்கே வாங்குகிற சம்பளத்தைத் தொடுவதில்லை. அண்ணன் நிம்மதியாகக் குப்பூஸ் சாப்பிடப் போனார்.

திருமஞ்சனம் டு தரிசனம்

லீவில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருஷம். அதில் இங்கே 182 நாள் தங்கிவிட்டால், நீங்கள் 'வெளிநாடுவாழ்' இந்தியர் இல்லை. இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு 2020-க்குப் பிறகு 120 நாளிலேயே கணக்கு மாற ஆரம்பித்துவிடும்.

சிதம்பரத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆனித் திருமஞ்சனத்துக்கு வந்தவர், ஆருத்ரா தரிசனமும் பார்த்துட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஆறு மாசம் ஓடிவிடும். நடராஜர் சந்தோஷப்படுவார். ஆடிட்டர் பட மாட்டார்!

எந்த பாஸ்புக்?

வெளிநாடு போனதும் சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் வரும் வட்டிக்கு 30 சதவிகிதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்தை என்.ஆர்.இ. கணக்கில் போட்டால் அந்த வட்டிக்கு வரியே இல்லை. ஒரே பாங்க், ஒரே கவுன்ட்டர்... எழுத்து ஒன்று மாறினால் வரி மாறும்.

2025 பட்ஜெட்டில் '12 லட்சம் வரை வரி இல்லை' என்றதும் இங்கே ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தோம். அது தள்ளுபடி வகை. இந்தியாவில் குடியிருப்பவருக்கு மட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த ஸ்வீட் கிடையாது.

மனை விற்பதிலும் அப்படித்தான். 2024 ஜூலையில், விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவிகித வரி என்பதை மாற்றி, எதையும் கழிக்காமல் 12.5 சதவிகிதம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், அதற்கு முன் வாங்கிய மனை, வீட்டுக்குப் பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைந்ததைக் கட்டலாம் என்று சலுகை தந்தார்கள். அதுவும் உள்ளூர்வாசிக்கு மட்டும்! அண்ணன் மனையை விற்றால், வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பாக்கியைத் தர வேண்டும்.

வீராணத்துத் தண்ணி பாயும் நஞ்சையில் ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், இங்கே குடியிருக்கும் இந்தியருக்கு விற்கலாம்.

அறுபது வயசில் யார் அனுப்புவார்?

எனக்கு நிஜமாகவே கவலை தருவது வரி இல்லை, பென்ஷன். எமிரேட்ஸில் வேலையை விட்டு வரும்போது கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கப்புறம் 30 நாள். மொத்தத்தில் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டாது. வீட்டுக் கடனும் தங்கச்சி கல்யாணக் கடனும் அதை வாசலிலேயே வரவேற்கும். சிங்கப்பூரில் சி.பி.எஃப். சேமிப்பு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வொர்க் பர்மிட்டில் போனவருக்கு இல்லை.

இவர்களுக்காக மத்திய அரசு 2012-ல் 'மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா' என்று ஒரு பென்ஷன் திட்டம் தொடங்கியது. தொழிலாளி போடும் பணத்தோடு அரசும் பங்கு போடும். சேர ஆளில்லாமல் 2017-ல் மூடிவிட்டார்கள்.

பென்ஷன் வாங்கும் வெள்ளைக்காரர் மட்டும் நிம்மதியாக இருக்கிறாரா? பிரிட்டிஷ் அரசு பென்ஷன் அந்த ஊரில் இருந்தால் வருஷா வருஷம் ஏறும். பிலிப்பைன்ஸில் குடியேறினாலும் ஏறும். சிதம்பரத்தில் குடியேறினால் ஏறாது! இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம் இல்லை. லண்டனில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தமிழருக்கும் இதே கதிதான். வேறு நாட்டில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் போட்ட வழக்கு 2005-ல் லண்டனிலும், 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றது.

ஆக, எந்த ஊர் அரசும் பொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வராது. தேசிய பென்ஷன் திட்டமான என்.பி.எஸ்.ஸில் வெளிநாடுவாழ் இந்தியரும் சேரலாம். பி.பி.எஃப். கணக்கை வெளிநாட்டில் இருந்துகொண்டு புதிதாகத் தொடங்க முடியாது. எனவே விமானம் ஏறும் தம்பிகள் ஊறுகாய் பாட்டில் கட்டும் அக்கறையில் பாதியை இந்த இரண்டு விஷயத்திலும் காட்டுங்க. மாதா மாதம் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரியே, அறுபது வயசில் வரப்போகிற உங்களுக்கும் கொஞ்சம் அனுப்புங்க.