கடைவாசல் கேமராவும் ஓயாத மணியோசையும்

கடையைப் பூட்டி, கல்லாக் கணக்கை முடித்து, வீடு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகு கைப்பேசியில் ‘டிங்’ என்று ஓர் ஓசை. எழுந்து பார்த்தால் ஷட்டருக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருக்கிறது. கண்ணயர்ந்ததும் அடுத்த ஓசை. இம்முறை நாய்கூட இல்லை. ‘சத்தம் கேட்டது’ என்று மட்டும் திரையில் எழுதியிருக்கிறது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் அறிவிப்பையே மொத்தமாக நிறுத்திவிடுகிறோம். நம் கடைவீதிகளில் எத்தனையோ கேமராக்களின் கதை இதுதான். பணம் போட்டு வைத்த காவலாளியின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

சென்னைக் காவல்துறை 2017-ஆம் ஆண்டுக்குப் பின் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் நகரெங்கும் கேமராக்களைப் பொருத்தச் சொன்னபோது வணிகர்களும் அதில் பங்கேற்றார்கள். அந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை பதிவு செய்வதோடு நின்றவை. திருட்டு நடந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்ப்போம். இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வைஃபை கேமராக்களோ பார்க்கின்றன, கேட்கின்றன, உடனுக்குடன் கைப்பேசிக்குச் சொல்லியும் அனுப்புகின்றன. தொல்லை இந்தச் சொல்லி அனுப்புவதில்தான் இருக்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அன்று. அமெரிக்கக் காவல்துறையினருக்காக 2001-ல் வெளியான ஒரு வழிகாட்டி நூல், அந்நாட்டில் காவல் நிலையங்களுக்கு வரும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவிகிதம் வரை பொய்யானவை என்று கணக்குச் சொன்னது. சால்ட் லேக் சிட்டி நகரக் காவல்துறை 2000-ஆம் ஆண்டிலேயே, யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தாலொழிய அலாரத்துக்காக வண்டி அனுப்ப மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. ‘புலி வருது, புலி வருது’ என்று கத்திய பையனின் நிலைமைதான். பொய் மணி நூறு முறை அடித்தால் உண்மை மணியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேமராவுக்கு ஏன் இவ்வளவு வாய் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஓசையைக் கண்டறியும் வசதி பெரும்பாலான கேமராக்களில் மிக எளிமையானது. அதிலுள்ள சின்ன மைக், சுற்றுப்புற ஓசை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. தாண்டினால் மணி. பூட்டை உடைக்கும் ஓசையா, பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இழுக்கும் ஓசையா என்ற பேதம் அதற்குத் தெரியாது. கண்ணாடி உடைவது, குழந்தை அழுவது, நாய் குரைப்பது ஆகியவற்றைப் பிரித்தறிவதாகச் சொல்லும் மாடல்களும் இப்போது வந்திருக்கின்றன. வீட்டுக் கூடத்தில் அவை ஓரளவு சரியாகச் சொல்லும். கடைத்தெருவின் இரைச்சலில் அவற்றை நம்பிப் படுப்பதற்கில்லை என்பதே நம் கருத்து.

நம் கடைத்தெருவின் இரவைச் சற்று எண்ணிப் பாருங்கள். பகலில் கனரக வாகனங்களுக்குத் தடையுள்ள வீதிகளில் லாரிகள் இரவில்தான் வரும். மதுரைக் கீழமாசி வீதி போன்ற மொத்தக் கடை வீதிகளில் மூட்டை இறக்கும் ‘தொப்’ ஓசையும், லாரி பின்னால் நகரும்போது எழும் பீப் ஒலியும் சரக்கோடு சேர்ந்தே வருபவை. விடியற்காலையில் பால் வண்டி. மார்கழி என்றால் ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி. ஆடியில் கூழ் ஊற்றும் விழா. மழை பெய்தால் வாசல் தகரக் கூரையில் பறை கொட்டுவது போல் இரைச்சல். காற்றடித்தால் தார்ப்பாய் படபடக்கும். அந்தக் காற்றே மைக் துவாரத்தில் நேராக மோதினால் கேமராவுக்கு அது பெரும் ஓசையாகத் தோன்றும். கூலிங் பெட்டியின் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு உறுமல்.

மைய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். அப்படியிருக்க, சின்ன ஓசைக்கும் விழித்துக்கொள்ளும்படி கேமராவை வைத்துவிட்டு, அது டீக்கடை வாசல் பேச்சுக்கெல்லாம் மணியடிக்கிறது என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

ஆகவே முதல் யோசனை: தெருவைப் பார்த்திருக்கும் கேமராவில் ஓசை உணர்வை அணைத்துவிடுங்கள். அதே வசதியைப் பூட்டிய குடோனுக்குள் இருக்கும் கேமராவில் முழுமையாகப் போட்டு வையுங்கள். மஞ்சளும் வத்தலும் அடுக்கிய கிடங்கில் நள்ளிரவில் எழும் ஓசைக்குக் காரணம் ஒன்று எலியாக இருக்க வேண்டும், இல்லையேல் ஆள். இரண்டையும் நாம் பார்த்தே ஆக வேண்டியவர்கள்தாம்.

ஒதுக்குப்புறமான கிடங்கு, வாசலில் இரவு நடமாட்டமே இல்லை என்பவர்கள் வெளியிலும் ஓசை உணர்வை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும். கடை மூடிய பிறகு செயலியில் உணர்திறனை மிகக் குறைந்த படியில் வைத்துவிட்டு, பூட்டைக் கம்பியால் தட்டச் சொல்லுங்கள். ஷட்டரைக் குலுக்கச் சொல்லுங்கள். அறிவிப்பு வரவில்லையென்றால் ஒரு படி ஏற்றுங்கள். வந்ததும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நடுவில் வைத்துப் பார்ப்போம் என்று ஊகத்தில் வைப்பதைவிட இந்த அரை மணி நேர வேலை எவ்வளவோ மேல்.

இடமும் முக்கியம். ஓசை எழும் இடத்திலிருந்து மைக் இரு மடங்கு தொலைவுக்குப் போனால் திறந்தவெளியில் சுமார் 6 டெசிபல் குறையும். கம்ப்ரஸருக்கு மூன்றடியில் இருக்கும் கேமராவை ஆறடிக்கு நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். சன்ஷேடுக்கு அடியில், காற்று நேராக மோதாத மூலையில் பொருத்தினால் மழையிரைச்சலும் குறையும், லென்ஸும் நனையாது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை, இரண்டு முழம் கயிறு போதும்.

ஓசையை அணைத்தாலும் அசைவு அறிவிப்பு இருக்கும். அதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். படத்தில் புள்ளிகள் மாறினாலே அசைவு என்று கொள்ளும் கேமராக்கள், வாகன விளக்கு சுவரில் பட்டாலும் கூவும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது லென்ஸுக்கு எதிரே பறக்கும் சிறு பூச்சி பெரிய வெள்ளை உருவமாகத் தெரியும். சிலந்தி வலை கட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை ஒட்டடை அடிக்கும்போது கேமராவையும் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். உடல் வெப்பத்தை உணரும் வகைக் கேமராக்கள் பூச்சிக்கு ஏமாறுவது குறைவு. ஆனால் நம் கத்திரி வெயிலில் சுற்றுப்புறச் சூடே உடற்சூட்டை நெருங்கிவிடுவதால் அவற்றின் கூர்மை மங்கும். மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதி இருந்தால் ‘மனிதர்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். செயலியில் கட்டம் போட்டு எல்லை குறிக்கும் வசதி இருந்தால் சாலையை விட்டுவிட்டு நம் படியையும் ஷட்டரையும் மட்டும் குறியுங்கள். நாய்த் தொல்லை பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அறிவிப்பை நிறுத்துவது வேறு, உணர்வை நிறுத்துவது வேறு. டி.வி.ஆர். பெட்டியோடு இணைந்து இருபத்துநான்கு மணி நேரமும் பதியும்படி அமைத்த கேமராவில் உணர்வை அணைத்தாலும் பதிவு நடக்கும். பேட்டரியில் ஓடும் கேமராக்கள் பல அப்படியல்ல. அசைவோ ஓசையோ உணர்ந்தால்தான் அவை பதியத் தொடங்கும். உணர்வை அணைத்துவிட்டால் அன்றிரவு நடந்ததற்குச் சாட்சியே இருக்காது. களவு போன பின் காவல் நிலையத்தில் பதிவு கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். எந்தப் பொத்தானை அணைத்தாலும், மறுநாள் காலை முந்தைய இரவின் பதிவு இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மீதி வேலை கைப்பேசியில். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒரே செயலியின் வெவ்வேறு வகை அறிவிப்புகளுக்கு வெவ்வேறு ஓசை வைக்க முடியும். செயலியைச் செய்தவர்கள் வகை பிரித்திருக்க வேண்டும், அவ்வளவே. ‘மனிதர்’ என்ற அறிவிப்புக்குக் கணீரென்ற மணியும், மற்றவற்றுக்கு ஓசையின்மையும் வைத்துவிட்டால் தூக்கம் கெடாது. இரவில் தொந்தரவு செய்யாதே நிலையில் கைப்பேசியை வைப்பவர்கள், கேமரா செயலிக்கு மட்டும் விலக்கு கொடுக்க மறக்கக் கூடாது. கடை நேரத்தில் அறிவிப்பே தேவையில்லை. காலை எட்டு முதல் இரவு பத்து வரை அணைந்து, பின் தானாக விழித்துக்கொள்ளும்படி நேர அட்டவணை போடலாம். ஒரு முறை மணியடித்தபின் சில நிமிடம் மீண்டும் அடிக்காதபடி இடைவெளி வைக்கும் வசதியும் பல செயலிகளில் உண்டு.

கடை முதலாளி, தம்பி, மகன், கணக்குப்பிள்ளை என நால்வர் கைப்பேசியிலும் மணி அடித்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நால்வரும் தூங்குவார்கள். முறை வைத்து ஒரு நாளைக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுங்கள்.

எதை மாற்றுவது என்று தெரியவில்லையா? நாள்வழி எழுதப் பழகிய கை நமக்கு இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வந்த அறிவிப்புகளை நேரம், காரணம் என்று இரண்டு பத்தியில் எழுதிப் பாருங்கள். நாய் இத்தனை, லாரி இத்தனை, காற்று இத்தனை என்று கூட்டினால் பற்று எங்கே மிகுதி என்பது தானே தெரிந்துவிடும்.

சைரன் ஒலிக்கும் கேமரா வைத்திருப்பவர்கள் மாடியில் குடியிருப்பவர்களையும் நினைக்க வேண்டும். ஓசைக்கோ அசைவுக்கோ சைரன் தானாக ஒலிக்க விடாதீர்கள். படத்தைப் பார்த்து நாமே கையால் ஒலிக்கச் செய்வது உத்தமம். மைக் ஓடும்வரை, கடன் தவணை கேட்டு வாசலில் நின்று பேசும் வாடிக்கையாளரின் பேச்சும் பதிவாகிறது என்பதால், கேமரா இருப்பதை ஒரு பலகையில் எழுதி வைப்பது மரியாதை.

தீபாவளி வாரத்துக்குத் தனி ஏற்பாடு தேவை. நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிக்குத் தடை உண்டு. அதற்கு உட்பட்ட வெடியே எந்த மைக்கையும் திணறடிக்கப் போதுமானது. தமிழகத்தில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் என்று நேரம் குறித்திருந்தாலும், தெருவில் அதற்கு முன்னும் பின்னும் வெடி கேட்பதை நாம் அறிவோம். வியாபாரப் பணம் புரண்டு, கடை பூட்டி, எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும் நாட்களும் அவைதாம். அந்த நாட்களில் ஓசை உணர்வை நம்பாமல் ஷட்டரில் காந்தக் கதவுச் சென்சார் ஒன்றைப் பொருத்துவது நல்லது. ஷட்டர் தூக்கப்பட்டால் மட்டும் அது சொல்லும். வெடிக்கும் நாய்க்கும் மசியாது.

புதிதாகக் கேமரா வைப்பவர்களுக்கு ஒன்று. பொருத்த வருபவர் ஏணியை மடித்துக்கொண்டு கிளம்பும் முன், மேலே சொன்ன எல்லை, அட்டவணை, உணர்திறன் ஆகிய மூன்றையும் உங்கள் கைப்பேசியிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்து, மறுநாள் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.